ஓடுவது நான்கே கணினி: 6, 7-ஆம் வகுப்புக்குக் கையால் செய்து பார்க்கும் பயிற்சிகள் வேண்டும்

கேள்வி: விழுப்புரம் டீச்சர்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்த வருடம் 6, 7-ஆம் வகுப்புகளுக்குக் கணினியும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். வகுப்பில் 36 பிள்ளைகள். அறையில் இருப்பவற்றில் ஓடுகிற கணினி நான்குதான். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

இப்போது ஒரு கணினிக்கு ஒன்பது பேர் உட்காருகிறார்கள். மவுஸ் ஒருவர் கையில் இருக்கும், மற்ற எட்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். மவுஸ் பிடிப்பவரும் பெரும்பாலும் வீட்டில் லேப்டாப் இருக்கிற பையன்தான். பெண் பிள்ளைகள் பின்னாலேயே நின்றுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

உள்ளீட்டுக் கருவி, வெளியீட்டுக் கருவி என்று படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். அழகாக வரைகிறார்கள். ஆனால் போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கம்ப்யூட்டர் உள்ளே ஒரு நம்பரை எப்படி டீச்சர் வைத்திருக்கும்?" என்று கேட்டாள். வாயால் விளக்கினேன். தலையை ஆட்டினாள், ஆனால் புரிந்த முகம் இல்லை.

எல்லாப் பிள்ளைகளின் கையும் வேலை செய்கிற மாதிரி, செலவு அதிகம் இல்லாத பயிற்சிகள் என்ன செய்கிறீர்கள்? வகுப்பில் உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. ரோபோ கிட் எல்லாம் எங்கள் பள்ளியில் வாங்க வழியில்லை.

பதில்: கணக்கு டீச்சர், தஞ்சாவூர்

டீச்சர், அந்தப் பெண்ணின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். ஐந்து அட்டை போதும். ஒன்றில் 16 புள்ளி, அடுத்ததில் 8, அப்புறம் 4, 2, 1. பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஐந்து பிள்ளைகளை இந்த வரிசையில் நிறுத்தி, "எனக்கு 19 புள்ளி தெரிய வேண்டும், யார் யார் அட்டையைத் திருப்பணும்?" என்று கேளுங்கள். 16-ம் 2-ம் 1-ம் முகம் காட்டும், 8-ம் 4-ம் மறையும். காட்டினால் 1, மறைத்தால் 0. பலகையில் 10011 என்று எழுதிவிடுங்கள். இரும எண் முறை (பைனரி) என்ற பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

அதன் பிறகு ஒவ்வொருவரும் தாளில் சின்ன அட்டைகள் வெட்டி, தன் பிறந்த தேதியை 0, 1-ஆக எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் புள்ளிகளைக் கூட்டித் தேதியைச் சொல்வார். ஐந்து அட்டையில் 31 வரை போகலாம், மாதத்துக்கும் 31 தேதிதான், கச்சிதமாகப் பொருந்தும். தேதி தப்பாக வந்தால் அங்கேயே சண்டை வரும், இருவரும் சேர்ந்து மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள்.

நான் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மட்டும்தான் பார்ப்பேன்: தப்பு நடந்தால் அது பிள்ளைக்குத் தானே தெரிய வேண்டும். நான் வந்து சொல்லித் தெரியக்கூடாது. பாகம் குறிக்கும் படத்தில் மானிட்டருக்கு சிபியு என்று எழுதினாலும் படம் படமாகத்தான் இருக்கும், டீச்சர் சிவப்பு மை போடும்வரை எதுவும் நடக்காது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'சிஎஸ் அன்பிளக்ட்' (கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்கும்) பயிற்சிகள் எனக்குப் பிடிப்பதற்கும் அதுதான் காரணம். அட்டைப் பயிற்சி அங்கிருந்து எடுத்ததுதான்.

அடுத்தது வராந்தாவில் சாக்பீஸால் நான்கு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பிள்ளை, கையில் ஒரு எண். முதல் சுற்றில் 1-ஆம் கோடும் 2-ஆம் கோடும் சந்திக்கும், 3-ம் 4-ம் சந்திக்கும். அடுத்த சுற்றில் 1-ம் 3-ம், 2-ம் 4-ம். கடைசிச் சுற்றில் 2-ம் 3-ம். சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் சின்ன எண் வைத்திருப்பவர் குறைந்த கோட்டுக்குப் போக வேண்டும், பெரிய எண் அடுத்ததுக்கு. ஐந்தே சந்திப்பில் எப்படிக் கலைத்து நிறுத்தினாலும் வரிசையாகி வெளியே வருவார்கள். இரண்டு ஜோடி ஒரே நேரத்தில் சந்திப்பதால் மூன்று சுற்றில் வேலை முடிந்துவிடும். ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் கணினி ஏன் வேகமானது என்பதைப் பிள்ளைகள் நடந்தே புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் ஒரு சந்திப்பை அழித்துவிட்டு, "இப்போது எப்படி நின்றால் தப்பாக வரும், கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுங்கள். நான்கு பேர் 24 விதமாக நிற்கலாம். தேடித் தேடிப் பிடிப்பார்கள். மென்பொருளைச் சோதிக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான். எண்ணுக்குப் பதில் பெயர்களை அகர வரிசையில் வைத்தால் தமிழ் டீச்சரும் சந்தோஷப்படுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது சிக்குக் கோலம். இருவர் முதுகோடு முதுகு உட்கார வேண்டும். ஒருவர் கையில் வரைந்த கோலம், மற்றவர் கையில் வெறும் புள்ளித் தாள். வாயால் மட்டுமே சொல்லி வரைய வைக்க வேண்டும். முதலில் "அப்படியே வளைச்சு இந்தப் பக்கம்" என்பார்கள், ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் தாங்களாகவே சொற்களை முடிவு செய்துகொள்வார்கள்: சாய்வாகப் போ, புள்ளியைச் சுற்று, திரும்பு. அந்தச் சொற்களை நான்குக்குள் அடக்கச் சொல்லுங்கள், "இதையே மூன்று முறை செய்" என்பது தானாக வந்துவிடும். கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை என்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம். யாரும் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். ஓரத்தில் மட்டும் திரும்பிக்கொண்டு எல்லாப் புள்ளியையும் சுற்றினால் ஒரே கோட்டில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனிக் கோடுகள் வரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் கோடுகளின் எண்ணிக்கை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும் நாளில் வகுப்பே எழுந்து நிற்கும்.

இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்குவது பற்றி 1974-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பின்வரிசைப் பெண் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோலம் தெரிந்த பிள்ளைதான் அன்றைக்கு முன்னால் நிற்கும்.

பதில்: கோவை ஹார்டுவேர்காரர்

ஆசிரியர் இல்லை, கணினி பழுது பார்ப்பவன். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்குப் போய் உதவுகிறேன். டீச்சர், அந்த ஓடாத கணினிகள்தான் உங்கள் சொத்து. முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கும் பொருள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திறக்கலாம். உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்கவே கூடாது, மின்சாரத்தை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும். பழைய குண்டு மானிட்டர் இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

நான்கு நான்கு பேராகப் பிரித்து, கழற்றும் முன் ஒவ்வொரு வயரும் எங்கே இருந்தது என்று வரையச் சொல்வேன். அந்தப் படம் சரியாக இருந்தால்தான் திரும்ப மாட்ட முடியும். தப்பு பிள்ளைக்குத் தானே தெரிய வேண்டும் என்று மேலே டீச்சர் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். ஓடுகிற ஒன்றில் ரேமை (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் நினைவக அட்டை) கழற்றிவிட்டு ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வராது. உள்ளே சின்ன ஸ்பீக்கர் இருக்கும் பழைய போர்டாக இருந்தால் பீப் பீப் என்று கத்தும். ரேமின் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பழைய கணினிகள் பலவற்றில் கோளாறே இவ்வளவுதான். உங்கள் நான்கு, ஐந்தாகவோ ஆறாகவோ ஆகலாம். போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரியை எடுத்துவிட்டால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். அணைத்து வைத்த கணினிக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

செத்துப்போன டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து காட்டுங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் பார்ப்பார்கள். லேப்டாப் டிஸ்க் வேண்டாம், பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, நொறுங்கிக் கையைக் கிழிக்கும்.

பதில்: மேல்நிலை கணினி ஆசிரியர், மதுரை

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற நிரல் மொழி எடுக்கிறேன். உங்களிடம் ஓடுகிற ஒரு கணினி போதுமான பயிற்சி ஒன்று சொல்கிறேன்.

பலகையில் "தமிழ்" என்று எழுதி, எத்தனை எழுத்து என்று கேளுங்கள். மூன்று என்பார்கள். சரிதான். கணினிக்கு எத்தனை என்று கை தூக்க வைத்து ஓட்டு எடுங்கள். அப்புறம் பைத்தானில் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று வரும். ஏன்? ஐந்து சீட்டு எழுதி ஐந்து பேரிடம் கொடுங்கள்: த, ம, இகரக் குறி (ி), ழ, புள்ளி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: 2980, 2990, 3007, 2996, 3021. இகரக் குறி வைத்திருப்பவரும் ழ வைத்திருப்பவரும் இடம் மாறினால் "தமழி்" மாதிரி ஏதோ கோணலாக வரும். அதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எளிய சோதனை: "தமிழ்" என்று தட்டி பேக்ஸ்பேஸை ஒரு முறை அழுத்துங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் புள்ளி மட்டும் போய் "தமிழ" என்று நிற்கும். தினமும் பார்க்கிற விஷயம், காரணம் இப்போதுதான் பிடிபடும். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அடுத்த படி இதுதான்: எண் எப்படி உள்ளே இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு எழுத்தும் உள்ளே எண்தான் என்று காட்டிவிடலாம். அ-வின் எண் 2949. அதை அட்டையில் காட்ட 12 பேர் வேண்டும், முதல் அட்டை 2048. வகுப்பில் 36 பேர் இருக்கிறார்களே, ஒரே நேரத்தில் மூன்று எழுத்து நிறுத்தலாம்.

விழுப்புரம் டீச்சர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிறந்த தேதி அட்டையை இன்று ஏழாம் வகுப்பில் செய்தோம். கேள்வி கேட்ட அந்தப் பெண் 16 அட்டையைப் பிடித்து நின்றாள். "அடுத்து 32 வைத்தால் 63 வரைக்கும் வருமா டீச்சர்?" என்று அவளே கேட்டுவிட்டாள். அனுமதிக் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன் சார்.

இரண்டு சந்தேகம். சத்தம் அதிகமாகிறது, பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு. அப்புறம், பார்வையிட வருகிறவர்கள் நோட்டைக் கேட்பார்கள். நோட்டில் என்ன எழுத வைப்பது?

கணக்கு டீச்சர், தஞ்சாவூர்

63 என்று அவளே சொன்னாளா! அவளையே அடுத்த வாரம் ஆறாம் வகுப்புக்கு நடத்தச் சொல்லுங்கள்.

சத்தத்துக்குக் கோலப் பயிற்சியை உள்ளே வையுங்கள், குறைந்த குரலில் பேசினால்தான் பக்கத்து ஜோடி குழம்பாமல் இருக்கும். கோட்டில் நடப்பதை வராந்தாவில் வைக்காமல் பிரேயர் நடக்கும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பேசாமல் சைகையில் மட்டும் எண்ணை ஒப்பிடலாம் என்று விதி வையுங்கள்.

நோட்டில் மூன்றே வரி போதும்: நான் என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, எதை மாற்றினேன். முதல் வரியைப் பயிற்சிக்கு முன்பே பேனாவில் எழுதிவிட வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது. பக்கத்தில் அட்டை வரிசையையோ கோலத்தையோ வரையட்டும்.