காலில் சிலந்தி நரம்புக்கு ஊசி போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வில்லாபுரம் அக்கா:

ஊசி போட்டு இன்றோடு 24 நாள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் நின்ற கால் இது. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்ததும் எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் யார் உட்கார முடியும்?

இடது முழங்காலுக்குப் பின்னால் சிவப்பும் ஊதாவுமாக வலை மாதிரி படர்ந்திருந்தது. இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசிதான், பதினெட்டு இடத்தில் குத்தினார்கள். வலி எறும்புக்கடி அளவுதான். மருந்து உள்ளே போகப் போக அந்தச் சிவப்புக் கோடு சிலேட்டில் ஈரத்துணி வைத்துத் துடைத்ததுபோல் வெளுத்துக்கொண்டே போனதைக் கண்ணாடியில் காட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் அதே இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் கோடு. தடவினால் சணல் கயிறு மாதிரி தட்டுப்படுகிறது. நேற்று மகள் பார்த்துவிட்டு, “என்னம்மா, சூடு பட்டுச்சா?” என்று கேட்டாள். உள்ளே போய் அழுதுவிட்டேன். யாருக்காவது இப்படி வந்து மறைந்திருக்கிறதா?

அனுப்பானடி:

அக்கா, கோடு பற்றி எனக்குத் தெரியவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது ஊசிக்குப் பிறகு காலில் போடச் சொன்ன ஸ்டாக்கிங்ஸ்தான். சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் ஊசி போட்டேன், என் தப்பு. தொடை வரைக்கும் இறுக்கமான அந்த உறையை மதுரை வெயிலில் போட்டுப் பாருங்கள். மெட்டியில் மாட்டி முதல் நாளே ஒரு இழை கிழிந்தது.

எதிர்சேவை அன்று விடிகாலை மாமியாரும் நானும் கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் இழுத்தோம். குதிகாலைத் தாண்டவே இல்லை. இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. அப்போதுதான் பெட்டிக்குள் வழவழவென்று ஒரு சின்னத் துணி உறை இருந்ததும், பேக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டதும் நினைவு வந்தது. முதலில் அதைப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் ஸ்டாக்கிங்ஸை ஏற்றிவிட்டு, விரல் பக்கத்து ஓட்டை வழியாக உறையை உருவிவிட வேண்டுமாம். குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். ஒரே இழுப்பில் ஏறியது. ஆனால் அழகரைப் பார்க்கப் போகவில்லை. வெயிலிலும் நெரிசலிலும் மணிக்கணக்காக நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறை டிவியில் பார்த்தேன். போடுகிறவர்கள் மார்கழி, தையில் போடுங்கள்.

திருமங்கலம் (ஓய்வுபெற்ற நர்ஸ்):

எனக்கும் கணுக்காலில் போட்டிருக்கிறார்கள், தொந்தரவில்லை. ஆனால் இங்கே பேசுவதைப் பார்த்தால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். நரம்பு நரம்பு என்று சொல்லியே, ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எத்தனையோ பெண்கள் பயந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பே மெதுவாக அதைக் கரைத்துவிடும். பொலிடோகனால் என்ற மருந்துதான் பெரும்பாலும். அது முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்தாக வந்தது, அதனால்தான் வலி குறைவு.

போகிற அன்று காலில் எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம், ஷேவ் பண்ணவும் வேண்டாம். தொளதொளவென்று பாவாடையோ நைட்டியோ போட்டுப் போங்கள், கொலுசைக் கழற்றி வையுங்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் பிரசவம் முடியும்வரை பொறுக்க வேண்டும். நிறைய பேருக்குப் பிறகு தானாகவே குறைந்துவிடும். கால் ரத்தக்குழாயில் முன்பு ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் அதை மறைக்கவே கூடாது.

போட்டு முடித்ததும் படுக்காதீர்கள். இறங்கி இருபது, முப்பது நிமிடம் நடங்கள். தினமும் நடங்கள். இரண்டு வாரத்துக்கு வெந்நீர்க் குளியல், எண்ணெய் தேய்த்து உருவுவது, வெயில், ஓட்டம், கனம் தூக்குவது எல்லாம் விலக்கு. ஸ்டாக்கிங்ஸ் எத்தனை நாள், இரவிலும் வேண்டுமா என்பதை போட்டவரிடமே கேளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

செல்லூர்:

நர்ஸ் அம்மா, எண்ணெய் விலக்கு, வெந்நீர் விலக்கு, சரி. பரோட்டாக் கல்லு முன்னால் சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை நிற்கிறவன் இரண்டு வாரம் எங்கே போவான்? எங்கள் அப்பத்தா கடைசிவரை நல்லெண்ணெய் தேய்த்துத்தான் காலை வைத்திருந்தது.

நீங்கள் இவ்வளவு சொல்லியும் முக்கியமானதைச் சொல்லவில்லை. ஸ்கேன். எனக்குத் தோல் மேலே வலை, கணுக்காலில் வீக்கம், ராத்திரியில் குரக்குவலி. ஒரு இடத்தில் ஸ்கேன் எடுக்காமலே ஊசி போட்டு அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் பக்கத்திலேயே புதிதாகப் படர்ந்துவிட்டது. வேறு டாக்டர் என்னை நிற்க வைத்து, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். கெண்டைக்காலை அமுக்கி விட்டார், மிஷினில் உஸ்ஸ் என்று ஒரு சத்தம். “மேலே போன ரத்தம் திரும்பிக் கீழே வருது, கேட்குதா?” என்றார். தொடை இடுக்கில் வால்வு பழுது. மேலே குழாய் ஒழுகும்போது கீழே ஈரத்தைத் துடைத்து என்ன பயன்? அந்த ரத்தக்குழாயை லேசரில் அடைத்த பிறகுதான் ஊசி. முதலில் கொடுத்த காசு போனது போனதுதான்.

திருமங்கலம் (ஓய்வுபெற்ற நர்ஸ்):

தம்பி, வீக்கமும் வலியும் இருந்தால் டாப்ளர் கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். எழுதாதது என் தவறு. எண்ணெயில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பத்தா கால் ஊசி போட்ட கால் இல்லை. வேலையை விட முடியாது என்றால் ஸ்டாக்கிங்ஸோடு நில்லுங்கள், நடுவே ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

மேலூர்:

எனக்கு மருந்தை நுரை மாதிரி கலக்கிப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் கண்ணில் வளைந்து வளைந்து மின்னல் கோடு, எதிரில் நின்ற நர்ஸின் பாதி முகம் தெரியவில்லை. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். படுக்க வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலைவலி இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

கே.கே. நகர்:

வில்லாபுரம் அக்கா, உங்களுக்கு யாருமே பதில் சொல்லவில்லை. எனக்கு அதே காப்பிக் கோடு வந்தது, இரண்டு காலிலும். நம்மைப் போல மாநிறம், கருப்பு நிறத்தில் இருப்பவர்களுக்கு எடுப்பாகவே தெரியும். அடைபட்ட குழாயிலிருந்து கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் தங்கிவிடுகிறதாம். மாதம் ஒரு முறை ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே படம் எடுத்து வைத்தேன். நான்காவது மாதம் வரை மாற்றமே இல்லை, பத்தாவது மாதம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் தடவினால் தட்டுப்படுகிறது என்றீர்களே, அதைச் சும்மா விடாதீர்கள். உள்ளே ரத்தம் தேங்கி நின்றால் கறை அதிகமாகும். சின்னதாகக் குத்தி எடுத்துவிடுவார்கள், போய்க் காட்டுங்கள்.

வில்லாபுரம் அக்கா:

இன்று போனேன் தங்கச்சி. மூன்று இடத்தில் ஊசி முனையால் குத்தி அமுக்கினார்கள். களாக்காய் ஊறுகாய்ச் சாறு மாதிரி கருஞ்சிவப்பாக, கெட்டியாக வந்தது, பஞ்சு நிறைய. கயிறு இப்போது தட்டுப்படவில்லை. கோடு அப்படியேதான் இருக்கிறது. சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றேன், மகள் முதல் படம் எடுத்துக் கொடுத்தாள்.