முதல் டிரையத்லானுக்குத் தயாராகும்போது உடம்பும் மனசும் பட்ட பாடு: உங்கள் அனுபவம்?

அடுத்த மாதம் என் முதல் டிரையத்லான். ஸ்பிரிண்ட் தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் எனக்குப் பழக்கம். ஆட்டி வைத்தது தண்ணீர்.

எனக்கு வயது 39. நீச்சல் கற்றதே போன வருடம். 25 மீட்டர் குளத்தை நிற்காமல் 30 முறை கடக்க ஐந்து மாதம் பிடித்தது. அன்று அம்மாவிடம் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்தத் தெம்பில்தான் கோவளம் கடலுக்குப் போனேன்.

குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். கடலில் முகத்தை அமிழ்த்தினால் கலங்கல் பச்சை, வேறொன்றும் இல்லை. நீட்டிய கையின் விரல்கள்கூடத் தெரியவில்லை. மூச்சு எடுக்கத் திரும்பிய பக்கமே ஓர் அலை அடித்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். நெஞ்சு படபடவென்று அடிக்க, எவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே போகவில்லை. துணைக்கு வந்த மீனவத் தம்பி சர்ஃப் பலகையை என் பக்கம் தள்ளி, "அக்கா, உள்ள இழுக்காதீங்க. மொதல்ல மூச்ச வெளிய விடுங்க" என்றார்.

ஏழு மாதத்தில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அதுதான். பயத்தில் நான் மூச்சை விடவே இல்லை. நிறைந்த நெஞ்சுக்குள் மேலும் மேலும் இழுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கடலில் இறங்கியதும் மல்லாந்து மிதந்து, இருபது மூச்சு எண்ணிவிட்டுத்தான் கையை வீசுகிறேன். எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்க்கிறேன். பார்க்காமல் போனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்கேயோ தள்ளிவிடுகிறது. ஆனாலும் ஞாயிறு காலை கடல் என்றால் சனிக்கிழமை இரவு தூக்கம் வருவதில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

கோவையிலிருந்து:

அம்மா, எனக்கு வயது 52. தண்ணீர் பயம் இல்லை, பவானி ஆற்றங்கரையில் வளர்ந்தவன். என்னைச் சாய்த்தது சைக்கிளை விட்டு இறங்கிய பிறகு வரும் ஓட்டம். சிறுவாணி சாலையில் 20 கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஓட ஆரம்பித்தேன், கால் தரையில் பாவவே இல்லை. தொடை இரண்டும் மரக்கட்டை. மெதுவாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தேன். கடிகாரம் வழக்கத்தைவிட வேகம் காட்டியது. மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கென்றே 'பிரிக்' பயிற்சி இருக்கிறது. வாரம் ஒருமுறை சைக்கிளை நிறுத்திய கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள், போதும். கடைசி இரண்டு கிலோமீட்டர் லேசான கியரில் மிதியுங்கள். இன்னொன்று: ஓய்வு நாளைத் தியாகம் செய்யாதீர்கள். கெண்டைக்கால் எலும்பு வலித்தும் வீம்பாக ஓடி ஆறு வாரம் வீட்டில் முடங்கினேன். வலியைவிட அந்த ஆறு வாரம்தான் கொடுமை. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், செய்ய ஒன்றும் இருக்காது.

மதுரையிலிருந்து:

அக்கா, என் முதல் போட்டியில் நீச்சலிலேயே கையைத் தூக்கிவிட்டேன், படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. 1978இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் (மிக நீண்ட தூர டிரையத்லான்) இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர் என்று பிறகு படித்தேன். அந்த மூன்று பேரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மறு வருடம் முடித்தேன். தயவுசெய்து கூட்டத்தின் நடுவில் இறங்காதீர்கள். ஓரமாக, கடைசியாக இறங்குங்கள். முன்னால் போகிறவர் கால் முகத்தில் படாமல் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

மறுபடியும் நான்:

ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. இன்று காலை கோவளத்தில் 600 மீட்டர். நடுவில் ஒருமுறை படபடப்பு வந்தது. மல்லாந்து படுத்து எண்ணினேன். பதினாலில் அடங்கிவிட்டது, திரும்பிப் படுத்து நீந்தினேன்.