கொலுவுக்குக் காகிதக்கூழில் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

வாணி_மேற்குமாம்பலம்:

எல்லோருக்கும் வணக்கம். நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு புது பொம்மையாவது படியேற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை கடைக்குப் போகாமல் பசங்களை வைத்து வீட்டிலேயே ஏதாவது செய்துவிடலாம் என்று இருக்கிறேன். பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. பழைய பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, காகிதக்கூழில் செய் என்று மாமியார் சொல்கிறார், ஆனால் அவருக்கும் பக்குவம் சரியாக நினைவில்லை. வீடியோ பார்த்தால் எடுத்த எடுப்பிலேயே ராதா கிருஷ்ணர் செய்து நிறுத்திவிடுகிறார்கள், நடுவில் அது எப்படிக் காய்ந்தது, ஏன் வெடிக்கவில்லை என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

பிளாட்டில் இருக்கிறோம். பால்கனியில் காலை வெயில் மட்டும்தான், அதுவும் புரட்டாசி மழை வந்தால் போச்சு. ஃபெவிகால்தான் ஊற்ற வேண்டுமா, மைதா பசை போதுமா? பூச்சி வருமா? முக்கியமாக, எங்களைப் போல் முதல் தடவை செய்பவர்களுக்கு எது ஒழுங்காக வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சொளகு_ஆச்சி:

வாணி, மாமியார் சொன்னது சரிதான் அம்மா. நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இதைக் கைவேலை என்றே யாரும் சொன்னதில்லை, வீட்டு வேலைகளில் ஒன்று அவ்வளவுதான். புது சொளகு வாங்கினால் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறப்போட்டு ஆட்டி, அந்தக் கூழை இடுக்கில் எல்லாம் மெழுகிக் காயவைத்த பிறகுதான் புடைக்க எடுப்போம், மாவும் குருணையும் ஒழுகாது. மிச்சக் கூழை ஒரு பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிவிட்டால் காய்ந்ததும் கூடையாகிவிடும்.

பக்குவம் சொல்கிறேன். பேப்பரைக் கத்தரியால் வெட்டாதே, கையால் கிழி. கிழித்தால்தான் ஓரத்தில் நார் நாராக நிற்கும், அதுதான் பிறகு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம், அது ஊறவே ஊறாது. முட்டை அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஏற்கெனவே கூழில் செய்ததுதானே, சீக்கிரம் கரைந்துவிடும். வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறைய தண்ணீர் விட்டு அடி, கெட்டியாக அடித்தால் மோட்டார் புகைந்துவிடும். சட்னி அரைக்கிற ஜாரில் அடிக்காதே, மை வாசனை லேசில் போகாது, மூலையில் கிடக்கும் பழைய ஜாரை எடு.

பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழி. அந்தத் தண்ணீரை நன்றாக வடிகட்டாமல் சிங்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் பொம்மையே வாங்கிவிடலாம். கூழைச் சொட்டச் சொட்டவும் விடாதே, ஒட்டப் பிழிந்து பொடியாகவும் ஆக்காதே. உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் விரலிடுக்கில் லேசாக ஈரம் தெரிய வேண்டும்.

இனி பசை. இரண்டு கைப்பிடிக் கூழுக்கு ஒரு மேசைக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து நுரைக்க நுரைக்க அரைத்துச் சேர். அதன் வழுவழுப்பு ஒட்டும், கசப்பு பூச்சியை அண்டவிடாது. அதோடு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறு, வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவைத்து இரண்டு கரண்டி சேர். சப்பாத்தி மாவு மாதிரி பிசை. அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், நீ போடாதே. அது விஷம், சின்னவன் கையை வாயில் வைப்பான்.

பண்ருட்டி_பக்கத்துவீடு:

ஆச்சி பக்குவத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் எதைச் செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். சாமி பொம்மை வேண்டாம். மனித முகமே வேண்டாம்.

பண்ருட்டி, காஞ்சிபுரம் பக்கம் கூழில் பொம்மை செய்கிறவர்கள் வெறும் கையால் முகத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. அச்சு இருக்கிறது, முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. கூழை அச்சுக்குள் மெல்லிசாக அழுத்தி எடுத்துக் காயவைத்து, பிறகு இரண்டு பாதியையும் ஒட்டி, மேலே பூச்சு கொடுத்து, தேய்த்து, அதற்கப்புறம்தான் கண் எழுதுவது. உள்ளே கூடாக இருப்பதால்தான் அவ்வளவு பெரிய பொம்மையும் தூக்கினால் கனக்காது. நாம் கையால் மூக்கு பிடித்தால் காயும்போது கூழ் சுருங்கி, லட்சுமி என்று ஆரம்பித்தது வேறு யாரோவாக முடியும். குழந்தைகளுக்கு அதில் மனசு விட்டுப்போகும்.

அதற்குப் பதில் கடை போடுங்கள். கொலுவில் செட்டியார் செட்டு வைப்பீர்கள்தானே? செட்டியார் அம்மா இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் கிண்ணத்தில் நாம் அரிசி, பருப்பு வைப்போம். அந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை, ஒரு பழக்கடை. கூழுக்கு இயல்பிலேயே சொரசொரப்பு, அதை மறைக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்றது சொரசொரப்பான காய்தான். பாகற்காயைப் பாருங்கள், விரல் நீளத்துக்கு உருட்டி, இரண்டு முனையையும் கூராக்கி, தீக்குச்சியை நீளவாக்கில் அழுத்தி நாலைந்து கோடு இழுத்துவிட்டு, நடுவில் ஆங்காங்கே கிள்ளிவிட்டால் முடிந்தது. எவ்வளவு கோணலாக வருகிறதோ அவ்வளவு நிஜமாக இருக்கும். பலாப்பழத்துக்கு உருண்டையைச் சுற்றி பேனா மூடியால் நெருக்கமாகக் குத்தினால் போதும். சீதாப்பழம், சேனைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் இதே கதைதான். தக்காளி, கத்தரிக்காயை மட்டும் கடைசிக்கு வையுங்கள், அவற்றுக்கு வழவழப்பு வேண்டும், தேய்க்கிற வேலை அதிகம்.

இன்னொரு லாபம், எல்லாம் சின்னச் சின்னதாக இருப்பதால் சீக்கிரம் காயும். கூழ் வேலையில் பாதிப் பேர் தோற்பது காய்வதில்தான். அரை அங்குலத்துக்கு மேல் கனமாக அப்பினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் பூஞ்சை. பூசணிக்காய், பலாப்பழம் மாதிரி பெரியது செய்தால் நடுவில் பேப்பர் பந்து கசக்கி டேப் சுற்றி, அதன்மேல் கூழை மெல்லிசாகப் போடுங்கள்.

அடுக்குமுறை_அன்பு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஃபிளாட்டில், மழைக்காலத்தில், யூகேஜி பையனோடு மிக்ஸியில் கூழ் அடிப்பதெல்லாம் எதற்கு? அடுக்கு முறை இருக்கிறதே. பேப்பரை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, மைதா பசையில் தோய்த்து, ஒரு கிண்ணத்தின்மேலோ ஊதிய பலூன்மேலோ குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டியது. கிண்ணம் என்றால் முதலில் எண்ணெய் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கழன்று வராது. மூன்று அடுக்கு, ஒரு நாள் காய்ச்சல், மறுபடி மூன்று அடுக்கு. கூழைவிட வேகமாகக் காயும், சுருங்காது, பலமும் அதிகம். காஷ்மீர் காகிதப் பெட்டிகளைக்கூட அச்சின்மேல் இப்படி ஏற்றிச் செய்வதுண்டு.

இதில் தலையாட்டிப் பொம்மை செய்யலாம், பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்து, அடியில் களிமண்ணை அழுத்தி, நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் வெறும் காகிதக் கூம்பு ஒன்றை நிறுத்தி, இணைப்பில் பட்டை ஒட்டினால் தள்ளத் தள்ள எழுந்து நிற்கும். தஞ்சாவூர்ப் பொம்மையின் சூட்சுமமும் அதுதான், அடி உருண்டையாக, கனமாக இருக்கும், மேலே எல்லாம் லேசு. தலையில் அலங்காரம் என்று மணியும் பாசியும் ஒட்டிக் கனத்தை ஏற்றினீர்கள் என்றால் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். முகத்தைப் பிடிக்க வேண்டாம், வரைந்தால் போதும், இரண்டு கண், ஒரு பொட்டு, மீசை.

பண்ருட்டி_பக்கத்துவீடு:

அன்பு சார், தலையாட்டி நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகற்காயை அடுக்கு முறையில் செய்து காட்டுங்கள் பார்ப்போம் :) பெரிய வடிவத்துக்கு அடுக்கு, நுணுக்கத்துக்குக் கூழ். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஈசூன்_கவிதா:

சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் புழுக்கம்தான், அதனால் காயவைப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். வெயிலை நம்பாதீர்கள், காற்றை நம்புங்கள். செய்ததை இட்லித் தட்டிலோ கம்பி வலையிலோ வைத்து, டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, நாலைந்து மணிக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் காயவே காயாது. எடுத்தவுடன் உச்சி வெயிலில் வைப்பதும் தப்பு, மேல்தோல் முதலில் இறுகி வெடிப்பு விடும். நிழலில் ஒரு நாள், அப்புறம் உங்கள் காலை வெயில் போதும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வாணி_மேற்குமாம்பலம்:

அப்பாடா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஆச்சி, மாமியாரிடம் படித்துக் காட்டினேன், வெந்தயம் என்றதும் "அதேதான், அதேதான்" என்றார். காய்கறிக் கடைதான் என்று முடிவாகிவிட்டது, பெரியவள் இப்போதே விலைப்பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டாள், தக்காளி கிலோ நூறு ரூபாயாம். பண்ருட்டிக்காரரே, வண்ணம் எப்படி? நேராகக் கூழ்மேலேயே அடிக்கலாமா? சின்னவனுக்கு ஏதாவது தனி வேலை இருந்தால் அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூழ் முழுவதும் சுவரில் இருக்கும்.

பண்ருட்டி_பக்கத்துவீடு:

நேராக அடித்தால் காகிதம் வண்ணத்தைக் குடித்துவிடும், பேப்பர் மையின் சாம்பல் நிறமும் தெரியும். நடுவில் ஒரு பூச்சு வேண்டும். சாக்பீஸைப் பொடித்துச் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, பிரஷ்ஷால் இரண்டு கை பூசுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் வளைவும் மேடாகத் தெரிவதும் சுண்ணாம்புப் பொடியில் கோந்து கலந்த கலவையால்தான், ஆகவே புதிதாக எதுவும் இல்லை. காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு, பசங்களைத் தள்ளி உட்காரவைத்துத் தேயுங்கள், தூசி நிறைய வரும். பாகற்காய், பலாவுக்குத் தேய்க்கவே வேண்டாம்.

அப்புறம் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ. போஸ்டர் கலர் விலை குறைவு, ஆனால் ஈரக்கை பட்டால் கரையும், மேலே வார்னிஷ் கட்டாயம். பச்சை ஒன்றையே எல்லாவற்றுக்கும் அடிக்காமல், பாகற்காய்க்கு முதலில் கரும்பச்சை, காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர்பச்சையைத் தொட்டு மேட்டில் மட்டும் இழுங்கள். பள்ளம் கறுப்பாக நிற்கும், மேடு எழும்பும், இரண்டடி தள்ளி நின்றால் நிஜக் காய் என்று ஏமாறுவார்கள்.

மொட்டைமாடி_ரேவதி:

சின்னவனுக்கு வேலை நான் தருகிறேன். படிக்குக் கீழே பார்க். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, ராத்திரி ஊறவைத்த கேழ்வரகையும் கடுகையும் அவன் கையாலேயே நெருக்கமாகத் தூவச் சொல்லுங்கள். மேலே லேசாக மண், தினமும் கையால் தண்ணீர் தெளிப்பு. முதல் நாள் கொலுவுக்குப் பச்சையாக வேண்டும் என்றால் ஐந்தாறு நாள் முன்னால் விதையுங்கள். மூன்று வாரம் முன்னாலேயே போட்டீர்கள் என்றால் கலசம் வைக்கிற நாளில் எல்லாம் சாய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும். நடுவில் கைக்கண்ணாடி புதைத்துக் குளம், ஓரத்தை மண்ணால் மூடினால் கண்ணாடி என்று தெரியாது. பாதைக்கு மரத்தூளில் வண்ணம் கலந்து போடலாம், ஆனால் தண்ணீர் தெளிக்கும்போது சாயம் ஊறிப் புல்லுக்குள் போகும், ஆற்று மணலே தேவலை. தெர்மோகோல் மட்டும் வேண்டாம், உடைத்தால் வீடெல்லாம் பறக்கும், குப்பையில் போட்டாலும் மக்காது.

தீப்பெட்டி வீடுகளை விட்டுவிட்டேனே. காலி தீப்பெட்டிக்கு வண்ணத்தாள் சுற்றி, அட்டையை மடித்துக் கூரை வைத்தால் தெருவே போட்டுவிடலாம். உரசும் பக்கத்தையும் சேர்த்து மூடி ஒட்டிக் கொடுங்கள்.

சொளகு_ஆச்சி:

வாணி, ஒன்று விட்டுப்போச்சு. பத்து நாள் முடிந்ததும் கடையை எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடாதே, உள்ளே வியர்த்து வண்ணம் பையோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, நாலு மூலையிலும் வசம்புத் துண்டு போடு. வெந்தயம் சேர்த்திருந்தாலும் பரணில் அந்துப்பூச்சி வரும், எலி வந்தால் மைதா வாசனைக்கு முதலில் பாகற்காயைத்தான் கடிக்கும், அதனால் வார்னிஷ் அடிக்கும்போது அடிப்பக்கத்தையும் விடாமல் அடித்துவிடு.