புதுப் பொழுதுபோக்கு, புது ட்ரெண்ட், புதுத் தொழில்: ஆர்வம் போகாமல் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

தக்கலை_பேனாக்கடை:

வணக்கம் மக்களே. குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும் சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாச்சு. கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கும் சாமான் அடிக்கடி மாறுகிறது. முன்பெல்லாம் ஜியாமெட்ரி பாக்ஸ், ஸ்கெட்ச் பேனா, பிரவுன் ஷீட், அத்தோடு முடிந்தது. இப்போது வாஷி டேப் இருக்கா, அக்ரிலிக் மார்க்கர் இருக்கா, குரோஷே ஊசி இருக்கா, ரெசின் இருக்கா என்கிறார்கள். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்த லபுபு பொம்மை வேறு, பையில் தொங்கவிட. மொத்த வியாபாரி எடுத்து வை என்று சொல்வதை எடுத்து வைக்கிறேன், விற்கவும் செய்கிறது, ஆனால் இதை எதற்கு வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளணும் என்றும் தோன்றவில்லை. அதுதான் உறுத்துகிறது. பையனாக இருக்கும்போது வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டு அடி வாங்கின ஆள் நான்.

கூட்டாளிகள் கூடினால் ஒருத்தன் டர்ஃப் (வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம்) போடலாம் என்கிறான், இன்னொருத்தன் டிராகன் ஃப்ரூட் என்கிறான், மருமகன் டிரோன் என்கிறான். எதைக் கேட்டாலும் என் மனசில் முதலில் வருவது "இதில் காசு உண்டா", அடுத்து வருவது "நமக்கு எதுக்கு". அத்தோடு சரி. யூடியூபில் தேடினால் எல்லா வீடியோவும் "மாதம் ஒரு லட்சம்" என்றுதான் தொடங்குகிறது, பார்க்கப் பார்க்கச் சலிப்புதான் கூடுகிறது.

புதுசு எதைப் பார்த்தாலும் கண் விரிகிற ஆட்கள் இங்கே இருப்பீர்கள். எப்படி அப்படி இருக்கிறீர்கள்? எல்லாவற்றிலும் இறங்க என்னிடம் பணம் கிடையாது, நேரமும் ஞாயிறு மதியத்துக்கு மேல்தான்.

குலசேகரம்_ரப்பர்:

அண்ணாச்சி, நீங்கள் கேட்கிற இரண்டு கேள்வியுமே தன்னைச் சுற்றி வருகிற கேள்வி. எனக்குக் காசு உண்டா, எனக்கு எதுக்கு. அந்தச் சாமானைப் பற்றி இன்னும் ஒரு கேள்விகூட நீங்கள் கேட்கவில்லையே.

நான் ரப்பர் வெட்டுகிற குடும்பம். எங்கள் பக்கத்தில் தேன்பெட்டி வைப்பது புதுசு இல்லை, 1920களிலேயே மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்தில் தேன்பெட்டியைப் பார்த்தேதான் வளர்ந்தேன், ஆனால் ஒரு நாள்கூட அதை எட்டிப் பார்த்தது கிடையாது. பிறகு ஒருநாள் பெட்டி வைக்க வந்தவரிடம் சும்மா பேச்சுக்கு "ரப்பர் பூவில் அவ்வளவு தேனா வருது" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு தளிர்க் கொப்பை வளைத்துக் காட்டினார். ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும் இல்லையா, அந்த மூன்றும் காம்போடு சேருகிற இடத்தில் குட்டிக் குட்டிச் சுரப்பி இருக்கிறது. பனிக்காலத்தில் இலை உதிர்ந்து மறுபடி தளிர் வரும்போது இனிப்பு அங்கேதான் ஊறுகிறது. பூவுக்கும் அந்தத் தேனுக்கும் சம்பந்தமே இல்லை! ரப்பரில் தேன் மட்டும்தான் கிடைக்கும், குஞ்சுகளுக்கு வேண்டிய மகரந்தம் போதாது, அதனால் சீசன் முடிந்ததும் பெட்டிகளை வேறு இடம் பார்த்து மாற்றுகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்று ஒரு வைரஸ் நோய் வந்து, புழுப் பருவத்திலேயே தேனீக்களைக் கொன்று, நம் மாவட்டத்துப் பெட்டிகளைக் கிட்டத்தட்ட காலியாக்கிவிட்டது. தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். இந்தக் கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்க வேண்டும், ஒரு சாயா வாங்கிக்கொடுத்தால் போதும். நான் இப்போது சிறுதேன் கூடும் வைத்திருக்கிறேன், அந்தக் கொட்டாத தேனீ. தேன் கொஞ்சம்தான், விலை கூடுதல். காசுக்காக என்றால் ரப்பர் வெட்டுவதே மேல்.

நாகர்கோவில்_டீச்சர்:

லபுபு பற்றிக் கேட்டீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். அதை வரைந்தவர் ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்கிற ஓவியர், 2015இல். அப்போது யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. பிற்பாடு பாப் மார்ட் என்கிற சீனக் கம்பெனி எடுத்து, மூடின பெட்டிக்குள் போட்டு விற்றது. உள்ளே எது இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது, ஒன்றிரண்டு மட்டும் அபூர்வம். 2024இல் பிளாக்பிங்க் என்கிற கொரிய இசைக்குழுவின் பாடகி லிசா கையில் அதைப் பார்த்ததும் ஊர் உலகமே ஓடியது. நம் கடைகளில் தொங்குவதில் முக்கால்வாசி நகல் என்பது வேறு விஷயம்.

இப்போது யோசித்துப் பாருங்கள், நம் வயதுக்காரர்கள் பிக் ஃபன் பபிள்கம் எதற்கு வாங்கினோம்? உள்ளே இருக்கிற கிரிக்கெட் படத்துக்கு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார், வேண்டிய ஆள் வரவே மாட்டார், பள்ளிக்கூடத் திண்ணையில் மாற்றிக்கொள்வோம். மூடின பெட்டியின் வித்தை அன்றைக்கே நம்மிடம் நன்றாக வேலை செய்திருக்கிறது. இது தெரிந்தபிறகு அந்தப் பொம்மையைப் பார்த்தால் "கலிகாலம்" என்று சொல்லத் தோன்றுவதில்லை, அடுத்து எதை மூடின பெட்டியில் போடப் போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

உங்களுக்கு யூடியூபே வேண்டாம். நாள் முழுக்கப் பிள்ளைகள் உங்கள் மேசைக்கு முன்னால்தானே நிற்கிறார்கள். அக்ரிலிக் மார்க்கர் வாங்குகிற பிள்ளையிடம் "இதை எதில் வரைவாய் மக்களே" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒருத்தி கடற்கரைக் கல்லில் வரைகிறாள், ஒருவன் பழைய ஷூவில். கண்ணாடியிலும் துணியிலும் பிடிக்கும் என்பதால்தான் சாதாரண ஸ்கெட்சை விட்டு இதற்கு வருகிறார்கள். ஆனால் கேட்கும்போது முகத்தில் கேலி தெரியக் கூடாது, தெரிந்தால் வாய் திறக்க மாட்டார்கள். ரெசின், அந்த ஊற்றி இறுக வைக்கிற பிசின், அந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், கையுறை இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் செய்கிற வேலை இல்லை அது.

கடலோரம்_டர்ஃப்:

டீச்சர் சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் அண்ணன் கடைக்காரர், அவருக்குக் காசுக் கேள்வி வரத்தான் செய்யும், அதில் என்ன தப்பு? காசைப் பற்றியே ஆர்வமாகக் கேட்கலாமே.

நாங்கள் நாலு பேர் பங்கு சேர்ந்து டர்ஃப் நடத்துகிறோம். தூத்தூர் பக்கமெல்லாம் கால்பந்து என்றால் உயிர், அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வெளியில் இருந்து பார்க்கிறவன் "பத்துப் பேர், ஆளுக்கு நூறு, மணிக்கு ஆயிரம், ஒரு நாளைக்கு இத்தனை மணி" என்று பெருக்கிக்கொண்டே போகிறான். நிஜத்தில் வியாபாரம் சாயங்காலம் ஆறில் இருந்து ராத்திரி பத்து, பத்தரை வரைக்கும்தான். பகலில் அந்தப் பிளாஸ்டிக் புல் கால் வைக்க முடியாத சூடு. நம் மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டும் நம் தலையில்தான். பரீட்சை மாதம் ஈ ஓட்டுகிறோம். லைட்டுக்குக் கரண்ட், வலை கிழிந்தால் வலை, சில வருஷத்தில் புல்லே மாற்றணும். அதே ரோட்டில் இன்னொருத்தர் போட்டால் மறுநாளே ரேட் இறங்கும். இதெல்லாம் எந்த வீடியோவிலும் வராது, ராத்திரி லைட் அணைக்கிற பையனிடம் பேச்சுக் கொடுத்தால் வரும்.

டர்ஃப் ட்ரெண்டில் நிம்மதியாகச் சம்பாதிக்கிறவர்கள் டர்ஃப் வைத்திருக்கிறவர்கள் இல்லை, ஜெர்சியில் பேரும் நம்பரும் அடித்துக்கொடுக்கிறவர்கள். வாரத்துக்கு ஒரு டோர்னமென்ட் நடக்கிறது. உங்களிடம் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கிறது, துணியில் சூடாக அழுத்தி எழுத்துப் பதிக்கிற ஹீட் பிரஸ் மெஷின் என்ன விலை, ஒரு ஜெர்சிக்கு என்ன நிற்கும் என்று விசாரித்துப் பாருங்கள். வாங்கச் சொல்லவில்லை, விசாரிக்கத்தான் சொல்கிறேன்.

தோவாளை_பிச்சி:

தம்பி சொன்னது சரி, நான் பூக்கடைப் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் சந்தையில் ட்ரெண்ட் பார்க்காதவன் பிழைக்க முடியாது, அது பிறர் ஊர் ட்ரெண்டாக இருந்தாலும் சரி. ஓணத்துக்கு அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் கேரளக்காரர்கள் பூக்களம் போடுவார்கள், கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் லோடு லோடாகப் போகும். வீட்டு முற்றத்தோடு நிற்காமல் ஆபீஸ், காலேஜ், கிளப் என்று போட்டி வைக்க ஆரம்பித்ததும் எங்களுக்கு யோகம். இப்போது சில வருஷமாக அங்கே குடும்பஸ்ரீ என்கிற சுயஉதவிக் குழுப் பெண்கள் ஓணத்துக்கென்றே கேந்தி பயிரிடுகிறார்கள், பஞ்சாயத்துகளும் கூட நிற்கின்றன. அது நம் பூ விலையில் கை வைக்கிற சங்கதி. அதனால் ஆடி பிறந்தாலே நான் மலையாளச் செய்தி பார்க்கத் தொடங்கிவிடுவேன், அரசியலுக்கு இல்லை, பூவுக்கு.

கல்யாணமும் மாறிவிட்டது. பெண் வீட்டார் போனில் படத்தைக் காட்டி வெளிர் நிறம்தான் வேண்டும் என்கிறார்கள், ஓசூர் பக்கத்து ரோஜாவும் ஜெர்பெராவும் மேடை ஏறுகிறது, பிச்சி கழுத்தோடும் கொண்டையோடும் நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் பிடிக்காததையும் உற்றுப் பார்க்கத்தான் செய்கிறேன். அதே இன்ஸ்டாகிராமில்தான் எங்கள் ஊர் மாணிக்க மாலையையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு கட்டுவதைப் பார்க்கவென்றே ஆள் வருகிறது. அரளிப்பூவை மடக்கி மடக்கி வரிசையாக வைத்துக் கட்டுவது, ரத்தினக்கல் பதித்த மாதிரி தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், காசு ஒன்றும் கேட்க மாட்டோம்.

தக்கலை_பேனாக்கடை:

எல்லாருக்கும் நன்றி. டர்ஃப் தம்பி, நேற்றே ஹீட் பிரஸ் விசாரித்துவிட்டேன், விலையைக் கேட்டதும் எனக்குள் இருக்கிற பழைய ஆள் எட்டிப் பார்த்தான், ஆனாலும் எத்தனை டிகிரியில் எத்தனை விநாடி அழுத்துவது, பாலியெஸ்டருக்கு ஒரு வழி பருத்திக்கு வேறு வழி ஏன் என்று மெஷின் விற்கிறவரிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மார்க்கர் கேட்ட பிள்ளையிடமும் கேட்டேன். ஹெல்மெட்டில் வரைகிறதாம், அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல்.

ஒரு சந்தேகம் மட்டும். நீங்கள் எல்லாரும் தொழிலை ஒட்டித்தான் சொன்னீர்கள். தொழிலே சம்பந்தப்படாத, சும்மா ஒரு பொழுதுபோக்கு என்று எதுவும் உண்டா, செலவில்லாமல்?

தேரூர்_குளக்கரை:

உண்டு, பறவை பார்ப்பது. நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடுவது வீண். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தன, நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலே சுசீந்திரம் குளம் தெரியும். ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் வந்தால் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, தாமரை இலைமேல் நடக்கிற நீளவால் இலைக்கோழி எல்லாம் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கண்ணே போதும். மெர்லின் என்று ஒரு ஆப், இலவசம், சத்தத்தைக் கேட்டே பறவை பேர் சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும், அதோடு சண்டை போடுவதே ஒரு பொழுது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததை எல்லாம் இபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் நீங்களும் கணக்கில் சேர்ந்தாச்சு.

தயவுசெய்து ரீல்ஸ் எடுக்க மட்டும் வராதீர்கள். கூட்டம் ஏற்கெனவே போதும்.

தக்கலை_பேனாக்கடை:

சரி அண்ணே, வருகிறேன், போனைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். அப்புறம் குலசேகரம் தம்பிக்கு ஒரு கேள்வி. கடைப் பின்சுவரில் ஒரு ஓட்டை வழியாகக் கொசு மாதிரிச் சின்ன ஈக்கள் போய் வருகின்றன, வாசலில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கிறது. நீங்கள் சொன்ன சிறுதேன்தானா அது? பெட்டிக்கு மாற்ற முடியுமா?

குலசேகரம்_ரப்பர்:

அதேதான் அண்ணாச்சி! சுவரை உடைத்துவிடாதீர்கள். அந்த வாசலில் ஒரு குழாயைச் சொருகி, அது ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் போய், பெட்டியின் மறுபக்க ஓட்டை வழியாக வெளியே வருகிற மாதிரி வையுங்கள். போக வர அந்தப் பெட்டியைக் கடந்துதானே ஆகணும், பைய உள்ளே கூடு கட்டத் தொடங்கும். மாதக் கணக்கில் ஆகும், அவசரப்பட்டுத் திறந்து பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஓட்டை மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் கை வையுங்கள்.