ஆடிக்கூழ் பசை மாதிரி இறுகிப் போகிறது, என்ன பிழை விடுகிறேன்?

ஒழுங்கைக்காரி:

ஆடிப்பிறப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, அதற்குள் யாராவது எனக்கு இதைச் சொல்லித் தாருங்கள். அம்மம்மா இருந்தவரைக்கும் கூழ் காய்ச்சுவது அவருடைய வேலை, அம்மா தேங்காய்ச் சொட்டு வெட்டிக் கொடுப்பார், நான் குடிப்பேன், அவ்வளவுதான் என் பங்கு. அம்மம்மா போன பிறகு அம்மாவுக்கும் கை ஓடவில்லை, அதனால் போன வருஷம் பிள்ளைகளுக்காக நானே இறங்கினேன். காய்ச்சும்போது எல்லாம் நல்லாத்தான் இருந்தது. சாமிக்குப் படைத்து, தேவாரம் பாடி முடித்து, ஊற்றலாம் என்று போனால் அகப்பை நட்டுவைத்த தடி மாதிரிச் சட்டிக்குள் நிற்கிறது. நோட்டீஸ் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. மூத்தவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு நல்லூருக்குப் போய் ஐஸ்கிரீம் குடிச்சிருக்கலாம்" என்றான்.

நான் செய்தது இதுதான்: கடையில் வாங்கிய வறுத்த அரிசிமாவை, கொதித்துக்கொண்டிருந்த தேங்காய்ப்பாலுக்குள் கொட்டிக் கிண்டினேன், பனங்கட்டியை உடைத்து அப்படியே போட்டேன். நிறமும் வரவில்லை, வெளிறிப் போய் இருந்தது. பனங்கட்டி ஓலைக் குட்டானில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் கடித்தால் கற்கண்டு மாதிரி நறுக்கென்றது. அம்மாவிடம் அளவு கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்" என்கிறார்.

எனக்கு நல்ல ஞாபகம், வளவுக்குள் மூன்று கல் வைத்துத்தான் அம்மம்மா காய்ச்சுவார். ஆடியில் சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும், அதனால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரு பழைய தகரத்தைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணெல்லாம் சாம்பல். கை நோகுது என்றால், "பிடிச்சவைக்குத்தான் முதல் இலை" என்பார்.

இலை என்றதும்தான் ஞாபகம் வருகிறது, கூழ் குடிக்கப் பிலாவிலை கோலுவதும் எனக்குச் சரிவரவில்லை, நான் ஈர்க்கு குத்தினால் ஒழுகுகிறது.

திரிகைக்கல்:

தங்கச்சி, கொதிக்கிற பாலுக்குள் மாவைக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து உள்ளே பச்சை மாவாகக் கட்டி கட்டியாய் நிற்கும், அதை உடைக்க நீங்கள் கிண்டக் கிண்ட அது பசையாகத்தான் போகும். மாவை முதலில் ஆறின கப்பிப் பாலில் (முதற்பாலுக்குப் பிறகு பிழிகிற தண்ணிப் பால்) கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். அதோடு மா கூடிப்போயிருக்கும். எங்கள் வீட்டில் அரைச் சுண்டு (சுண்டு என்றால் ஒரு பால்பேணி அளவு) மாவுக்குப் பாலும் தண்ணீருமாக ஆறு சுண்டு, கால் கிலோ பனங்கட்டி, ஒரு பெரிய தேங்காய். அடுப்பால் இறக்கும்போது ரசம் மாதிரி ஓட வேண்டும், "ஐயோ தண்ணீராய்ப் போச்சே" என்று உங்களுக்கே பயம் வர வேண்டும். அரிசிமா ஆற ஆறத்தான் இறுகும். நீங்கள் தேவாரம் பாடி முடிக்கிற நேரத்துக்குள் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

பயறு போட்டீர்களா? எழுதவே இல்லையே! அரைச் சுண்டு பயற்றை வாசம் வருகிற அளவுக்கு மட்டும் வறுத்து, திரிகையில் உடைத்து, சுளகில் புடைத்துக் கோது நீக்கி (இப்போது கோது நீக்கியதே கடையில் கிடைக்கிறது, அதுவும் போதும்) முதலில் அதைத்தான் அவிய விட வேண்டும். கொஞ்ச மாவில் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்டு விரல் நுனி அளவுக்கு உருண்டையும் தட்டையும் செய்து, பயறு அவிந்து கொதிக்கிற நேரம் போட்டுவிட்டு அகப்பையைத் தூரவே வையுங்கள், அவை இறுகும் முன் கிண்டினால் கரைந்து அதுவும் பசைதான். பிறகு கரைத்த மா, பிறகு பனங்கட்டிப் பாணி, தேங்காய்ச் சொட்டு. முதற்பால் கடைசி, அது விட்டபிறகு ஒரு கொதிதான், கூடக் கொதித்தால் திரைந்துவிடும்.

பனங்கட்டியை ஒருநாளும் உடைத்து அப்படியே போடாதீர்கள். பனங்கட்டி காய்ச்சுகிற கருப்பணி (பதநீர்) புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசித்தான் இறக்குவார்கள், அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் அடியில் நிற்கும், தூசியும் இருக்கும். தண்ணீரில் கரைத்து வடித்தே ஊற்றுங்கள். கற்கண்டு மாதிரி நறுக்கென்றது என்றால் அதில் சீனி கலந்திருக்கிறது, வெளிறலும் அதனால்தான். நல்ல பனங்கட்டி கறுத்து இருக்கும், விரலால் அமத்தினால் கொஞ்சம் இளகும், நாக்கில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உவர்ப்பு ஒன்று வரும்.

மிளகுசீரகம்:

உருண்டை இல்லாவிட்டாலும் குடிப்பேன், மிளகும் சீரகமும் இல்லாத ஆடிக்கூழ் எங்கள் வீட்டில் பாயாசம்தான். ஒரு தேக்கரண்டி இடித்துப் போடுங்கள், இனிப்பு திகட்டாது. அதோடு ஒரு சின்ன வேண்டுகோள், இணையத்தில் "ஆடிக்கூழ்" என்று தேடிப் பார்த்துச் செய்யாதீர்கள், அங்கே வருவது பெரும்பாலும் இந்தியாவில் அம்மன் கோயிலுக்குக் காய்ச்சுகிற கேழ்வரகுக் கூழ். ஒருமுறை என் மனுசி ஒடியற்கூழ் (ஒடியல் மாவில் மீன், நண்டு போட்டுக் காய்ச்சுகிற உறைப்புக் கூழ்) செய்முறையைத் திறந்து வைத்துக்கொண்டு "நண்டு எத்தனை போட" என்று கேட்டார்.

ஸ்காபரோச்_சோளகம்:

இதை வாசித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறேன். இங்கே கனடாவில் தமிழ்க் கடையில் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் கிடைக்கும், பிலாவிலைக்கு எங்கே போக, கோப்பிக் கப்பில்தான் குடிக்கிறோம்.

எங்கள் வீட்டில் கூழுக்கென்று ஒரு பித்தளைச் சட்டி இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்போது அம்மா அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வந்தார். அப்பா கத்துகிறார், ஒழுங்கை முழுக்கச் சனம், அம்மா நின்று நிதானமாக முடிச்சுப் போடுகிறார். 1996 சித்திரைக்குப் பிறகு தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கூரையில் பாதி இல்லை, கயிறு உக்கி அறுந்திருந்தது, அண்ணை பாதாளக்கரண்டி போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் துழாவித்தான் சட்டியை எடுத்தார். பச்சைபிடித்திருந்தது. அம்மா பழப்புளி போட்டு மினுக்கி அந்த ஆடிக்கே கூழ் காய்ச்சினார். பிலா மரம் முறிந்து போயிருந்ததால் பேணியில்தான் குடித்தோம், சீனி என்ன விலை விற்ற காலம், பனங்கட்டியும் குறைவு, இனிப்பே இல்லை. அதை ஏன் இன்னும் ருசி என்று நினைக்கிறேனோ தெரியாது.

ஐஸ்பழம்:

நான் உண்மையைச் சொல்கிறேன், யாரும் கோவிக்காதீர்கள். சின்ன வயதில் எனக்குக் கூழ் பிடிக்கவே பிடிக்காது. சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, ஹோர்னை அமத்திக்கொண்டு வருகிற ஐஸ்பழக்காரனுக்காகத்தான் மதிலில் ஏறி இருப்பேன், சிவப்பு நிறம் வாங்கினால் பின்னேரம் வரைக்கும் நாக்கைக் காட்டிக்கொண்டு திரியலாம். நல்லூர்க் கோயில் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் கச்சானும் தும்புமுட்டாசும்தான் சாப்பாடு, தேரன்று காலையில் வெள்ளை மணலில் கால் சுடச் சுட நிற்பதும் அது முடிந்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பதற்காகத்தான். கூழ் நாற்பது வயதுக்குப் பிறகுதான் ருசிக்க ஆரம்பித்தது. உங்கள் மூத்தவனை விடுங்கள் அக்கா, அவன் சொன்னது சரி. ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையைக் கொடுங்கள், அதை வேண்டாம் என்கிற பிள்ளையை நான் காணவில்லை.

திரிகைக்கல்:

இலையை விட்டுவிட்டேன். குருத்திலை கிழியும், பழுத்தது வெடிக்கும், நல்ல கரும்பச்சையாய் முற்றியதாக எடுங்கள். கூம்பு மாதிரிக் கோலி, ஈர்க்கை விளிம்போடு மேலே குத்த வேண்டும். கீழே குத்தினால் அந்த ஓட்டையால்தான் ஒழுகும்.

ஒழுங்கைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். பயற்றை மறந்தது நான்தான், அம்மா வாசித்துவிட்டு அரை மணித்தியாலம் சிரித்தார். பனங்கட்டி இந்தமுறை சந்தையில் ஒரு ஆச்சியிடம் வாங்கினேன், விரலால் அமத்திப் பார்த்தபோது "என்ன பிள்ளை, மாம்பழமே வாங்குறாய்?" என்று ஏசினார், ஆனால் நல்ல சாமான். வடித்தபோது துணியில் வெள்ளையாய் ஒரு படை நின்றது.

காஸ் அடுப்பில்தான் காய்ச்சினேன், தகரம் பிடிக்க வேலை இல்லை. இறக்கும்போது தண்ணீர் மாதிரித்தான் இருந்தது, பயந்துபோய் இன்னும் கொஞ்சம் மா கரைக்கப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டார். கால் மணித்தியாலத்தில் பதம் வந்துவிட்டது. மிளகு அரைத் தேக்கரண்டிதான் போட்டேன், சின்னவளுக்கு அதுவே உறைப்பு.

மூத்தவன் வந்து இரண்டாவது இலை கேட்டான். எனக்குப் பெரிய சந்தோஷம், அகப்பையோடு திரும்பினால் "கூழ் வேண்டாம் அம்மா, இலை மட்டும் தாங்கோ" என்கிறான். ஈர்க்கு குத்திப் பழக வேணுமாம்.