கலைச்சொல் தேவை: ‘லோக்கல் மல்டிபிளேயர்’ (வியாழன் இரவுக்குள்)

தி.மே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பார்ட்டி கேம் செய்கிறார்கள். நாலு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பரோட்டாக் கடையை நடத்த வேண்டும். ஒருவர் மாவு பிசைவார், ஒருவர் வீசுவார், ஒருவர் கல்லில் போடுவார், நாலாமவர் குருமாவைக் கொட்டிவிட்டு மற்ற மூவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். தமிழ் வரிகள் முழுக்க என் பொறுப்பு. வியாழன் இரவோடு பூட்டிவிடுவார்கள். அப்புறம் எழுத்துப்பிழையைக்கூடத் தொட முடியாது.

முகப்பில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ஆன்லைன், அதற்கு ‘இணையத்தில்’ என்று போட்டாயிற்று. இன்னொன்று லோக்கல் மல்டிபிளேயர், அதாவது இணையம் இல்லாமல் ஒரே இடத்தில் பலர் சேர்ந்து ஆடுவது. தானியங்கி மொழிபெயர்ப்பில் ‘உள்ளூர் பல்லாட்டக்காரர்’ என்று வந்தது. சோதித்துப் பார்க்க வந்த பையன், “உள்ளூர்னா எந்த ஊருக்கா? தாராபுரத்துக்காரன் ஆடக்கூடாதா?” என்று கேட்கிறான். பொத்தானில் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. கைகொடுங்கள்.

நா.க. எழுதியது:

அன்புள்ள தி.மே. அம்மா, நலமா?

‘பல்லாட்டம்’ புணர்ச்சியில் பிழையில்லை. பல என்பதற்குப் பின் பிற சொல் வந்தால் ‘அகரம் விகற்பம்’, அதாவது அகரம் கெடலாம், கெடாமலும் நிற்கலாம் என்று நன்னூலார் விட்டுவிட்டார். பல்லாண்டு, பல்கலை எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் கேட்கிறவர் காதில் பல் ஆடுகிறது. சரி, அகரத்தை விடாமல் வைத்தால் ‘பலவாட்டம்’. அதில் வாட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கொண்டாட்டத்துக்கு வைக்கும் பெயரா அது?

ஆகவே ‘பல’வை மறந்துவிடுவோம். ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்பது தொல்காப்பிய உரியியல். விளையாட்டுக்கென்றே இரண்டு சொல்லை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். பண்ணை என்பதற்குத் தொகுதி என்ற பொருளும் உண்டு. விளையாட்டும் கூட்டமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. வீட்டில் ஆடுவதால் ‘இல்லப்பண்ணை’ என்க. எழுத்தும் குறைவு.

வே.ரா. எழுதியது:

ஐயா, வணக்கம். அந்தப் பொத்தானை அழுத்தினால் முட்டை என்ன விலை என்று கேட்பார்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. விதை விதைத்து, தண்ணீர் ஊற்றி, மாடு வளர்க்கும் ஆட்டங்கள் தனி வகையாகவே இருக்கின்றன. பண்ணை என்று கண்டதும் ஆடுகிறவர் அதைத்தான் தேடுவார். போதாக்குறைக்கு சர்வர் கணினிகளைக் கூட்டமாக வைத்திருக்கும் சர்வர் ஃபார்மையும் ‘வழங்கிப் பண்ணை’ என்று எழுத ஆரம்பித்துவிட்டோம்.

நா.க. எழுதியது:

> முட்டை என்ன விலை

தொல்காப்பியர் காலத்துப் பொருளைக் கோழிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதற்காக நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டுமா? ‘பண்ணுதல்’ என்ற வினையடியிலிருந்து பார்த்தால் இரண்டு பண்ணையும் ஒன்றுதான். செய்யப்பட்டது பண்ணை, பண்படுத்திய நிலமும் பண்ணை, பண்ணோடு ஆடியதும் பண்ணை. இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

(தனி மடல் எதுவும் வராது, இங்கேயேதான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். – வே.ரா.)

அ.ஜெ. எழுதியது:

நான் பள்ளியில் பாடம் எடுக்கிறவள். பிள்ளைகள் வாயில் நுழைகிற சொல்லாக ஒன்று சொல்கிறேன்: ‘திண்ணையாட்டம்’. ஆங்கிலத்திலும் ஒரே இடத்தில் சேர்ந்து ஆடுவதை, சோபாவை வைத்துத்தானே ‘கவுச் கோ-ஆப்’ என்கிறார்கள்? நமக்குத் திண்ணை இருக்கிறது. தாயமும் ஆடு புலியும் அங்கேதான் ஆடினார்கள். ஆடுகிறவர் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர் பத்துப் பேர். பார்ட்டி கேம் என்றால் வேறென்ன?

சி.பா. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொறொன்ரோவில் இருந்து எழுதுகிறேன். திண்ணை வாசிக்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் என்ர பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. அவர்கள் விளையாடுவது செற்றியில். யாழ்ப்பாணத்திலும் சோபாவை நாங்கள் செற்றி என்றுதான் சொல்லுவம். ‘செற்றி ஆட்டம்’ என்று வையுங்கோ என்று கேட்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

இன்னொரு விசயம். திண்ணை வீட்டுக்கு வெளியே இருக்கிற இடம். ஆர் ஆர் அதில் இருக்கலாம், ஆர் முற்றத்தோடு நிற்க வேணும் என்ற கணக்கும் அதுக்கு இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி விளையாடுகிற ஒன்றுக்கு அந்தப் பெயர் வேணுமோ?

அ.ஜெ. எழுதியது:

சி.பா. அண்ணா, நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்தால் ஊர், தெரு, கிணறு என்று ஒரு சொல்லும் மிஞ்சாது. புதிதாக எல்லாரும் உட்கார்ந்து பழைய சொல்லைக் கழுவலாம் என்பது என் கட்சி. ‘கூடத்தாட்டம்’ என்றால் சம்மதமா?

வே.ரா. எழுதியது:

கூடத்தாட்டம், கூடாத ஆட்டம் மாதிரி ஒலிக்கிறது அக்கா.

இருக்கை சண்டைக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். லோக்கல் என்பதில் ‘ஒன்று’ எது? வீடா, சோபாவா, திரையா, கருவியா? நாம் நாலையும் போட்டுக் குழப்புகிறோம்.

1997இல் வந்த கோல்டன்ஐ 007 ஆட்டத்தில் டிவியோடு இணைக்கும் ஆட்டப்பெட்டி (கன்சோல்) ஒன்று, ஒரு டிவி, திரை நாலு துண்டு. நின்டெண்டோ 64 பெட்டியின் முகத்திலேயே நாலு கன்ட்ரோலருக்குத் துளை விட்டிருந்தார்கள். இது ஸ்ப்ளிட் ஸ்க்ரீன். தி.மே.யின் பரோட்டாக் கடையில் திரை துண்டாகவில்லை. நாலு பேரும் ஒரே சமையலறையைப் பார்க்கிறார்கள். இது ஷேர்டு ஸ்க்ரீன். 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் வேறு மாதிரி: ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு திரை, ஆனால் ஒரே அறை. அதையும் லோக்கல் என்றுதான் சொன்னார்கள். ஜாக்பாக்ஸ் ஆட்டங்களில் டிவி ஒன்று, ஆனால் அவரவர் கைப்பேசியில் நாலெழுத்து அறைக்குறியீட்டைப் போட்டு உள்ளே வர வேண்டும். கைப்பேசிதான் கன்ட்ரோலர்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி 2019இல் கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் ‘ரிமோட் பிளே டுகெதர்’ கொண்டுவந்தது. நான் பாளையங்கோட்டையில் ஆட்டத்தை ஓட்டுகிறேன், என் திரை அப்படியே ஓசூரில் இருக்கும் நண்பனுக்குப் போகிறது, அவன் அழுத்தும் பொத்தான் இங்கே வந்து சேர்கிறது. ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு பேரும் என் வீட்டில்தான் இருக்கிறோம். இப்போது ‘திண்ணை’, ‘கூடம்’, ‘இல்லம்’ எல்லாம் பொய். ஒன்றாக இருப்பது கருவி மட்டுமே.

நா.க. எழுதியது:

அருமையான விளக்கம், வே.ரா. தம்பி. இதற்கு விடை குறளிலேயே இருக்கிறது. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’. அரங்கு என்றால் நாடக மேடை மட்டுமன்று, ஆடுவதற்கு இழைத்த கட்டமும் அரங்குதான். எல்லாரும் ஓர் அரங்கில் ஆடுவதால் ‘ஓரரங்காட்டம்’.

நாவில் புரளவில்லை என்பீர்கள். அதே குறளின் கடைசிச் சீர்களைப் பாருங்கள்: ‘கோட்டி கொளல்’. கோட்டி என்றால் அவை, கூட்டம். பார்ட்டிக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா? ஓசைகூட ஒத்துப்போகிறது. பார்ட்டி கேம், ‘கோட்டியாட்டம்’!

வே.ரா. எழுதியது:

ஐயா, நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊரில் கோட்டி என்றால் புத்தி பிசகியவன். ‘கோட்டியாட்டம்’ என்றால் ‘கோட்டி மாதிரி’. “ஏல, கோட்டியாட்டம் பண்ணாத” என்று தினமும் கேட்டு வளர்ந்தவன் நான். பரோட்டாக் கடை ஆட்டத்தைப் பார்த்தால் அது பொருந்தவும் செய்கிறது, அது வேறு விஷயம்.

அ.ஜெ. எழுதியது:

அதோடு கோட்டி வடசொல் ஆயிற்றே ஐயா? கோஷ்டி. நேற்றுதான் ‘ஆன்லைன்’ என்று எழுதியதற்கு என்னைக் கண்டித்தீர்கள்.

நா.க. எழுதியது:

கோடுதல் என்றால் வளைதல். கோட்டம், கோடு, கோட்டை என்று எத்தனை சொல்! வட்டமாக வளைந்து உட்கார்ந்தால் கோட்டி. வடமொழிக்குக் கொடுத்ததே நாமாக இருக்கலாம். யானையின் கொம்புக்கும் கோடு என்று பெயர் வந்ததும் அந்த வளைவால்தான்…

(இங்கே யானை, சங்கு, திருச்செங்கோடு வழியாகப் போகும் நான்கு பத்திகளை நானே மடக்கிவிட்டேன். படிக்க விரும்புகிறவர்கள் ஐயாவைக் கேட்கலாம். – தி.மே.)

தி.மே. எழுதியது:

இன்று புதன். இன்னும் இரண்டு சொல் பாக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் குறைந்தால் அந்த இடத்தில் கணினியே ஆட்டும் ஆளுக்கு (ஆங்கிலத்தில் ‘bot’) ஒரு சொல். பிறகு, சின்னப் பிள்ளைகள் ஆடும்போது அவர்கள் கருக்கிய பரோட்டாவுக்குக் காசு கழிக்காத ஒரு நிலை இருக்கிறது. அதற்கு ஒன்று.

வே.ரா. எழுதியது:

இரண்டாவதற்கு யோசிக்கவே வேண்டாம். ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அவுட் ஆனாலும் கணக்கில் வராது. தெருவில் கடைக்குட்டித் தம்பிகள் எல்லாரும் அப்படித்தானே ஆடினார்கள்? எந்த மொழியிலும் இவ்வளவு துல்லியமான சொல் இருக்காது.

அ.ஜெ. எழுதியது:

துல்லியம் சரி. சப்பாணி என்பது கால் நடக்க முடியாதவரைச் சொல்வது. என் வகுப்பில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வருகிறது. அந்தப் பிள்ளை கன்ட்ரோலரைப் பிடித்தால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள். அதன் முன்னால் திரையில் இந்தச் சொல் வரக்கூடாது. இதில் நான் வாதத்துக்கு வரவில்லை, வேண்டாம் என்கிறேன்.

சி.பா. எழுதியது:

அக்கா சொல்லுவது சரி. ‘கணக்கில்லா ஆட்டம்’ என்று போட்டால் நேராய் விளங்கும்.

அப்படியே ஒரு கேள்வி. திரை நாலாய்ப் பிரியும் ஆட்டங்களில் மற்ற ஆளின்ர துண்டை எட்டிப் பார்த்து அவர் எங்கே ஒளிச்சு நிற்கிறார் என்று கண்டுபிடிக்கிறதுக்கு என்ன சொல்லுவீங்கள்? நாங்கள் ‘அளாப்பி’ என்போம்.

அ.ஜெ. எழுதியது:

சென்னையில் ‘போங்கு’. என் மாணவர்களிடம் வேறு சொல் சொன்னால் முறைப்பார்கள்.

வே.ரா. எழுதியது:

தொடர்பில்லாத ஒன்று, மன்னிக்கவும். நின்டெண்டோ 64க்கு வந்த முதல் மாரியோ பார்ட்டியில், கன்ட்ரோலர் நடுவிலுள்ள குச்சியை முடிந்த வேகத்தில் சுற்ற வேண்டிய குட்டி ஆட்டங்கள் உண்டு. விரலைவிட உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் வேகம் வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். தோல் உரிந்து கொப்புளம் வந்தது. விஷயம் நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் வரை போய், 2000இல் நிறுவனம் கையுறை தருவதாக ஒப்புக்கொண்டது. அந்தக் குச்சிக்கும் நம்மிடம் சொல் இல்லை. ‘இயக்கி’ என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், அதைக் கணினியின் டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்தாயிற்று.

நா.க. எழுதியது:

‘மத்து’ எனலாமே. கடைவதுபோலத்தானே சுற்றுகிறார்கள்?

தி.மே. எழுதியது:

ஐயா, ‘மத்து’ உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்டத்தில் குச்சிக்கு எழுத்தே கிடையாது, படம்தான்.

வியாழன் மதியம் ஆகிவிட்டது. கணக்கு இதுதான். பண்ணைக்கு ஒருவர். திண்ணையாட்டத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் ‘வேறு வழியில்லாவிட்டால்’ என்று எழுதியிருக்கிறார். ‘ஒரே கருவியில்’ சரியானது என்று வே.ரா. சொல்கிறார், ஆனால் அவரே அது மிக்ஸி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார். நான்கு பேர் ‘ஒரே திரையில்’ என்றால் போதும் என்கிறார்கள். பக்கத்துப் பொத்தான் ‘இணையத்தில்’ என்று முடிவதால் இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. சோதிக்கும் பையனிடம் காட்டினேன். எதுவும் கேட்காமல் அழுத்திவிட்டான். அதையே போட்டுவிட்டேன்.

சின்னவர்களுக்கு ‘கணக்கில்லா ஆட்டம்’. கணினி ஆளுக்கு ‘கூலியாள்’ என்று நானே வைத்துவிட்டேன், பரோட்டாக் கடை என்பதால். பார்ட்டி கேம் ‘பார்ட்டி கேம்’ ஆகவே இருக்கிறது.

வே.ரா. எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை. நாளைக்கு இதே ஆட்டத்தைக் கைப்பேசியை வைத்து ஆட வழி செய்தால் ஐந்து திரை ஆகிவிடும். அப்போது பார்ப்போம்.

அ.ஜெ. எழுதியது:

‘கூலியாள்’ சரியா? ‘மாஸ்டர்’ என்றல்லவா சொல்வார்கள்?

நா.க. எழுதியது:

‘ஒரே’ என்பதில் உள்ள ஏகாரம் தேற்றமா (உறுதிப்படுத்துவது) பிரிநிலையா (மற்றவற்றிலிருந்து பிரிப்பது) என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பிரிநிலை என்றால் வேறு எந்தத் திரையிலும் ஆடக்கூடாது என்று ஆகிவிடும். என் வாக்கு பண்ணைக்கே. அடுத்த பதிப்பு எப்போது என்று சொல்லுங்கள், அம்மா.