புதுப்பிப்பு: கடற்கரை மேப்பில் மணல் படிக்கட்டாகத் தெரிந்தது சரியாகிவிட்டது

கணினியில் உருவாக்கும் 3D கடற்கரைக் காட்சியில் மணல் சரிவு படிக்கட்டுபோல் தெரிகிறது, தண்ணீர் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

படிகளுக்குக் காரணம் 8 பிட் ஹைட்மேப் (நிலத்தின் உயரத்தைச் சாம்பல் நிற அளவுகளாகச் சேமிக்கும் படம்). அதில் 256 உயர நிலைகள்தான். 100 மீட்டர் உயர மேப்பில் ஒரு படி சுமார் 40 செ.மீ.; 1:30 சரிவில் அது 12 மீட்டர் அகலத் திட்டாக விரிந்துவிடும். செங்குத்தான மலையில் கண்ணில் படாது, கடற்கரை காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்மேப்பை 16 பிட்டில் புதிதாக எடுங்கள். பழைய 8 பிட் கோப்பை வெறுமனே 16 பிட்டாக மாற்றினால் படிகளும் கூடவே வரும்.

தண்ணீர் விளிம்புக்கு டெப்த் ஃபேட் (ஆழம் குறையக் குறையத் தண்ணீர் மங்கி மணலோடு கலப்பது) அரை மீட்டர் வைத்தேன். அலை எட்டும் இடம் வரை மணல் நிறத்தைப் பாதிக்கு இருட்டாக்கி, ரஃப்னஸை (பரப்பின் சொரசொரப்பு; குறைந்தால் மினுமினுப்பு கூடும்) 0.9இலிருந்து 0.4க்கு இறக்கினேன். ஈர மணல் மின்னாவிட்டால் கடல் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும்! சிப்பி, பாசி, சுள்ளியை எங்கும் தூவாதீர்கள். அலை கடைசியாக எட்டிய கோட்டில் வளைவாக ஒதுக்குங்கள்.